கிட்டங்கிக்கு அங்கால ஒரு வீடு

எங்கட ஊர்ப் பக்கம் "வீடு வாங்கியிருக்கோம்" என்று சொன்னால் எத்தனை அறை, என்ன விலை என்று யாரும் முதலில் கேட்கமாட்டார்கள். முதல் கேள்வி "யாருக்கு?" என்பதுதான். மூத்த மகளுக்கா, இளைய மகளுக்கா, தங்கச்சிக்கா? கல்முனைக்குடி, சாய்ந்தமருது, மருதமுனை, நிந்தவூர், எந்த ஊரை எடுத்தாலும் வீடு என்பது பெண்பிள்ளைக்குக் கட்டிக் கொடுக்கிற ஒன்று. தனக்கென்று தேடி வாங்குகிற பேச்சு குறைவு. அதிலும் புருஷனும் பொஞ்சாதியும் சேர்ந்து, இரண்டு பேர் பெயரிலும், ஊருக்கு வெளியே ஒரு சின்னக் கிராமத்தில் வாங்கினோம் என்றால் கேட்கிறவர்கள் கொஞ்சம் பேசாமல் இருப்பார்கள். பிறகு மெதுவாக, "ஏன், வீட்ட ஏதும் பிரச்சினையா?" என்பார்கள்.

பிரச்சினை ஒன்றுமில்லை. நாங்கள் அப்படித்தான் வாங்கினோம். எங்களில் ஒராள் சாய்ந்தமருது, மற்றாள் மருதமுனை. இரண்டு பெண்பிள்ளைகள். கல்முனையிலிருந்து மேற்கே நற்பிட்டிமுனையைத் தாண்டி, கிட்டங்கித் தாம்போதியைக் கடந்தால் நாவிதன்வெளிப் பிரதேசம் தொடங்கும். அங்கே சவளக்கடைப் பக்கம், வட்டையோரமாக இருக்கிற ஒரு சின்ன ஊரில் 2023 நோன்புப் பெருநாள் கழித்துக் குடிவந்தோம். எங்களைப் போலக் கலியாணம் முடித்து, காணி விலையைக் கேட்டுவிட்டுத் தலையில் கைவைத்திருக்கிற நிறையப் பேர் "அங்க எப்பிடி?" என்று கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் வட்ஸ்அப்பில் குரல் அனுப்பிக் களைத்துப்போய்த்தான் இதை எழுதுகிறோம்.

ஊருக்குள் இடம் எங்கே போனது?

எங்கட கரையோர ஊர்களை மேலிருந்து பார்த்தால் ஒரு நாடா மாதிரித் தெரியும். கிழக்கே கடல், மேற்கே வயல். நடுவில் மட்டக்களப்பு – பொத்துவில் வீதி. அந்த நாடாவுக்குள்தான் வீடு, கடை, பள்ளிவாசல், பள்ளிக்கூடம், மையவாடி எல்லாம். கிழக்கால் தள்ளினால் கடல், மேற்கால் தள்ளினால் நெல்.

யுத்த காலத்தில் உட்புறக் கிராமங்களில் இருந்த சனங்கள் வீட்டையும் மாட்டையும் விட்டுவிட்டுக் கரையோரத்துக்கு ஓடிவந்தார்கள். வந்தவர்களில் கொஞ்சப் பேர் திரும்பிப் போகவேயில்லை. பிறகு 2004 டிசம்பர் 26. கடற்கரையோரம் இருந்த வீடுகள் அப்படியே போயின. கிழக்கில் கடலிலிருந்து 200 மீற்றருக்குள் கட்டக்கூடாது என்று முதலில் அறிவித்தார்கள், மறுகா தளர்த்தினார்கள். ஆனால் அதற்குள் கடலோரத்துச் சனம் மேற்கே நகரத் தொடங்கிவிட்டது. சாய்ந்தமருதின் மேற்கே பொலிவேரியன் கிராமம் வந்தது, கல்முனையில் கிரீன்பீல்ட் மாடிவீடுகள் வந்தன. அக்கரைப்பற்று நுரைச்சோலையில் சவூதி அரேபியா கட்டிக் கொடுத்த 500 வீடுகள் வழக்கில் சிக்கி வருசக்கணக்காகப் பூட்டியே கிடந்தன. வீடு இல்லாத சனமும் சனம் இல்லாத வீடும் ஒரே மாவட்டத்தில் இருந்த காலம் அது.

இதற்கு மேல் எங்கட வழக்கம். அமெரிக்க மானுடவியலாளர் டெனிஸ் மெக்கில்வ்ரே 1969 முதல் அக்கரைப்பற்றில் வந்து தங்கி ஆய்வு செய்தவர். கிழக்குக் கரையில் தமிழர், முஸ்லிம்கள் இரண்டு சமூகத்திலும் தாய்வழிக் குடிமுறை இருப்பதையும், மாப்பிள்ளை பெண் வீட்டுக்குப் போய் வாழ்வதையும், வீடும் காணியும் சீதனமாக மகள்களுக்கே போவதையும் விரிவாக எழுதியிருக்கிறார். அவர் ஆங்கிலத்தில் எழுதியதை எங்கட மூத்தம்மாமார் ஒரு வசனத்தில் சொல்லுவார்கள்: "பொம்பளப் புள்ளக்கி வீடு, ஆம்பளப் புள்ளக்கி படிப்பு."

எங்களில் சாய்ந்தமருதுக்காரியின் வளவு 14 பேர்ச். மூன்று பெண்கள். பெரிய வீடு மூத்த ராத்தாவுக்கு. முன்பக்கம் கிணற்றடியை ஒதுக்கி இரண்டாவது ராத்தாவுக்கு ஒன்று கட்டினார்கள். உம்மாவும் வாப்பாவும் பின்பக்கம் குசினியோடு ஒரு பத்தி இறக்கி அதில் இருக்கிறார்கள். மூன்றாவது ஆள் நாங்கள். வளவுக்குள் இனிக் கட்டுவதென்றால் கிணற்றை மூடிக் கட்டவேண்டும், அல்லது மேலே ஏறவேண்டும். வாப்பாவிடம் மிச்சமிருந்தது ஒரு ஏக்கர் வயல். "வட்டைய வித்தாவது ஊருக்குள்ள ஒண்டு வாங்கித் தாறன் மருமகன்" என்றார். அந்த ஒரு ஏக்கர்தான் அவருடைய சாப்பாடு, மருந்து, மரியாதை எல்லாம். ஒரு ஏக்கர் என்றால் 160 பேர்ச். அதை விற்றால் ஊருக்குள் வீட்டுக்காணியாக வருவது எங்கள் கணக்குப்படி 7 பேர்ச். வேண்டாம் என்று சொன்னோம். இந்த வீட்டை நாங்கள் வாங்கியதற்கு முதல் காரணம் இயற்கையுமில்லை, அமைதியுமில்லை. அந்த ஒரு ஏக்கர்தான்.

பார்க்கப் போனபோது

பிபிசியில் 2002 முதல் போகிற 'எஸ்கேப் டு த கன்ட்ரி' நிகழ்ச்சியின் துண்டுகளை யூடியூப்பில் பார்த்திருப்பீர்கள். நகரத்துத் தம்பதி ஒன்று கிராமத்துக்கு வீடு பார்க்கப் போகும். பழைய கல்வீடு, முன்னால் ரோஜா, பின்னால் ஆடு மேயும் புல்வெளி. "எவ்வளவு அமைதி!" என்று மூச்சு விடுவார்கள். அதில் சொல்லாத ஒன்று, அப்படி வெளியாட்கள் வந்து வாங்குவதால் ஊர்ப் பிள்ளைகளுக்கு விலை எட்டாமல் போவது. இங்கிலாந்தின் கோர்ன்வோலில் சென்ட் ஐவ்ஸ் என்ற கடலோர ஊரில், புதிதாகக் கட்டும் வீடுகள் நிரந்தரமாகக் குடியிருப்பவர்களுக்குத்தான் என்று 2016இல் ஊரார் வாக்களித்தே முடிவெடுத்தார்கள். எங்கட கதை தலைகீழ். எங்களுக்குக் கடலோரம்தான் எட்டவில்லை, அதனால் உள்ளே போனோம்.

ஏழு வீடு பார்த்தோம். அமைதி, ரோஜா எல்லாம் ஒரு பக்கம் இருக்க, முதலில் கேட்கவேண்டியது "உறுதியா, பெர்மிட்டா?" இங்கால வட்டைப் பக்கத்து ஊர்களில் நிறையக் காணி அரச காணி. கல்லோயாத் திட்டத்தோடு 1950களில் வந்த குடியேற்றங்களும் பக்கத்திலேயே இருக்கின்றன. கொலனி, முகாம் என்று முடிகிற ஊர்ப் பெயர்களைக் கேட்டாலே அது விளங்கும். 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கொடுத்த அனுமதிப்பத்திரக் காணியை வைத்திருப்பவர் நினைத்தபடி விற்க முடியாது. அளிப்புப் பத்திரம் இருந்தாலும் கைமாற்றப் பிரதேச செயலாளரின் சம்மதம் வேண்டும். ஆனால் சனம் முத்திரைத் தாளில் எழுதிக் கைமாற்றிக்கொண்டே இருக்கிறது. நாங்கள் பார்த்த ஏழில் நான்கு அந்த வகை. ஒருவர் "எல்லாரும் இப்பிடித்தானே தம்பி வாங்குற" என்றார். உண்மைதான், எல்லாரும் அப்படித்தான் வாங்குகிறார்கள். பத்து வருசம் கழித்து முதல் உரிமையாளரின் பின்னுரித்தாளி வந்து படலையில் நிற்கும்போது அந்தத் தாளை வைத்து ஒன்றும் செய்ய ஏலாது. வங்கிக் கடனும் கிடைப்பது கஷ்டம்.

இரண்டாவது கேள்வி, இது வீட்டுக்காணியா, நிரப்பிய வயலா? வயலைக் கிரவல் போட்டு நிரப்பி, மதில் கட்டி, வீட்டுக்காணி என்று விற்கிறார்கள். 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டப்படி நெற்காணியை நிரப்ப அனுமதி எடுக்கவேண்டும். சட்டத்தை விடுங்கள், தண்ணீரை யோசியுங்கள். வயல் என்பது மழைத்தண்ணி வந்து தங்கிப் போகிற இடம். ஒரு காணியை உயர்த்தினால் அந்தத் தண்ணி பக்கத்து வளவுக்குப் போகும். கரையோர ஊர்களில் மேற்குப் பக்கம் நிரம்ப நிரம்ப, தோணாவாலும் முகத்துவாரத்தாலும் வடியவேண்டிய தண்ணி வீட்டுக்குள் ஏறுவதை நாமே பார்க்கிறோம். ஒரு கிராமத்தில் மழைக்காலத்தில் தண்ணி எதுவரைக்கும் வரும் என்று காணித் தரகர் சொல்லமாட்டார். சுவரைப் பாருங்கள், கறை சொல்லும். நாங்கள் ஐந்து வீட்டில் சுவரைப் பார்த்தே திரும்பினோம்.

கடைசியில் கிடைத்தது உறுதிக் காணி, 32 பேர்ச், மேட்டு நிலம், பழைய ஓட்டு வீடு. நொத்தாரிசு, காணிப் பதிவகத்தில் பின்னோக்கி 30 வருசத்துக்குப் பதிவைத் தேடினார். தேடுவதற்கு மட்டும் ஆறு கிழமை. எழுதும் நேரம் "உறுதி யார் பேர்ல?" என்று கேட்டார். "ரெண்டு பேர் பேர்லயும்" என்றோம். பேனையை வைத்துவிட்டு எங்களைப் பார்த்தார். "வழமையா பொம்பள பேர்லதான் எழுதுற" என்றார்.

குடியிருக்கும்போது

முதலில் தெரிவது காற்று. கடற்கரையில் பின்னேரமானால் காற்று வரும், அது எங்களுக்கு மூச்சு மாதிரி. இங்கே ஆனி, ஆடியில் கச்சான் காற்று அனலாக அடிக்கும், ஓட்டு வீடு வேகும். கிணற்றுத் தண்ணியில் உப்பில்லை, ஆனால் காவி. வெள்ளைச் சட்டை ஆறு மாதத்தில் தேயிலைச் சாயம் போட்ட மாதிரி ஆகிவிடும். கடற்கரையில் பிறந்த நாங்கள் மீனுக்காக மோட்டார் சைக்கிள் ஹோர்ன் சத்தத்தைக் காத்துக்கொண்டிருக்கிறோம். கல்முனையில் விடியற்காலை கரைக்கு வந்த மீன் எங்கட கடப்படிக்கு ஒன்பது மணிக்கு வரும், விலையிலும் கொஞ்சம் ஏறிக்கொண்டு.

வயல் ஓரம் வாழ்வதை அழகென்று சொல்வார்கள். அழகுதான், இல்லையென்று சொல்ல ஏலாது. மார்கழி, தையில் ஜன்னலைத் திறந்தால் பச்சை. ஆனால் அதே ஜன்னலை மருந்து அடிக்கிற நாட்களில் இறுக்கிப் பூட்டவேண்டும். பெரும்போக வெட்டு முடிந்தால் தூசு. அதற்குப் பிறகு யானை. முதல் தடவை இரவு பட்டாசுச் சத்தம் கேட்டு யாரோ வீட்டில் கலியாணம் என்று நினைத்தோம். பக்கத்து வளவு அக்கா டோர்ச்சை அடித்து, "வெளிய வராதீங்க, யானை வந்திட்டு!" என்று கத்தினார். காலையில் எங்கட வாழை நான்கும் படுத்துக் கிடந்தன. வேலி பாதி இல்லை.

அந்த அக்கா தமிழ். எங்கட ஊர் முஸ்லிம் ஊர், வேலிக்கு அங்கால தமிழ்க் குடும்பங்களின் வளவு. ஒரு வீட்டுக்காணி கைமாறினால் அதை இரண்டு பக்கமும் சமூகக் கணக்காகவும் பார்க்கிற மாவட்டம் இது என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. நாங்கள் வாங்கியது ஒரு முஸ்லிம் குடும்பத்திடம். என்றாலும் முதல் மாதம் அக்கா வீட்டில் எங்களோடு அளவாகத்தான் பேசினார்கள். யானைக்குப் பிறகு வேலியை இரண்டு வீடும் சேர்ந்து கட்டினோம். கம்பி எங்கட, கட்டை அவர்கள்ட. பொங்கலுக்கு அங்கிருந்து வரும், பெருநாளைக்கு இங்கிருந்து போகும். இதைப் பெரிய நல்லிணக்கக் கதையாக்கத் தேவையில்லை. யானைக்கு எந்த வேலி யாருடையது என்று தெரியாது, அவ்வளவுதான்.

தாம்போதி

இங்கே வீடு வாங்க நினைப்பவர்கள் கட்டாயம் யோசிக்கவேண்டியது பாதை. வரைபடத்தில் கல்முனை பக்கம்தான். வெயில் காலத்தில் மோட்டார் சைக்கிளில் போய் வேலையைத் தொடங்கும்போது ஊருக்குள் இருக்கிறவர்கள் இன்னும் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருப்பார்கள். ஆனால் கார்த்திகை பிறந்து வடகீழ்ப் பருவமழை இறங்கினால் கிட்டங்கியில் தண்ணி வீதிக்கு மேலால் ஓடும். ஒவ்வொரு வருசமும் ஓடும். ஒவ்வொரு வருசமும் படம் பேஸ்புக்கில் வரும், பாலம் வேண்டும் என்று பேசுவோம், தண்ணி வடியும், பேச்சும் வடியும். சம்மாந்துறையால் சுற்றிப் போகலாம் என்பார்கள். ஆனால் அந்தப் பக்கம் காரைதீவு – மாவடிப்பள்ளித் தாம்போதியும் அதே வெள்ளத்தில்தான் கிடக்கும்.

2024 நவம்பர் 26ஆம் திகதி அந்த மாவடிப்பள்ளித் தாம்போதியில் நடந்ததை இந்தக் கரையில் யாரும் மறக்கமாட்டார்கள். மதரசா விட்டு வீட்டுக்குப் போன பிள்ளைகளை ஏற்றிவந்த உழவு இயந்திரத்தை வெள்ளம் அடித்துக்கொண்டு போனது. கிதாபைப் பையில் வைத்துக்கொண்டு உம்மாவிடம் போன பிள்ளைகள் மையித்தாக வந்தார்கள். அந்தக் கிழமை எங்களுக்கு நான்கு நாள் கல்முனை இல்லை. ஒராள் பாடசாலைக்குப் போகவில்லை, மற்றாள் கடை திறக்கவில்லை. இளைய மகளுக்குக் காய்ச்சல் 103. கடற்கரை ஊரில் என்றால் பத்து நிமிசத்தில் ஆசுபத்திரி. இங்கே ஈரத்துணி போட்டுக்கொண்டு விடிய விடியத் தண்ணி வடியுதா என்று கேட்டுக்கொண்டிருந்தோம். காய்ச்சல் மூன்றாம் நாள் தானாக இறங்கியது. அல்ஹம்துலில்லாஹ். இறங்காமல் இருந்திருந்தால் என்ன செய்திருப்போம் என்ற கேள்வி மட்டும் இறங்கவில்லை.

காணி ஏன் மலிவு என்று பிறகுதான் முழுதாக விளங்கியது. 32 பேர்ச்சின் விலைக்குள் அந்த நான்கு நாளும் கழிக்கப்பட்டிருக்கிறது. பாலம் ஒன்று உயர்த்திக் கட்டினால் இங்கே விலை ஏறும், வாங்க நினைக்கிற உங்களுக்கு அது நட்டம். ஆனாலும் பாலம் வேண்டும் என்றுதான் எழுதுகிறோம்.

வீடு யாருக்கு?

இன்னொரு கழிவும் இருக்கிறது, அதற்குப் பாலம் கட்ட ஏலாது. சீதன வழக்கத்தை நாங்கள் எதிர்க்கிறோம். மஹர் மாப்பிள்ளை கொடுக்கவேண்டும் என்று மார்க்கம் சொல்கிறது, வீடு பெண் வீட்டார் கொடுக்கவேண்டும் என்று ஊர் சொல்கிறது. ஊர் சொல்வதை நிறைவேற்ற எத்தனை வாப்பாமார் கட்டாரிலும் குவைத்திலும் வயதைக் கழித்தார்கள்? எத்தனை உம்மாமார் வெளிநாட்டு வீடுகளில் சமைத்தார்கள்? வீடு கட்டி முடியாததால் எத்தனை ராத்தாமார் கலியாணம் முடியாமல் இருக்கிறார்கள்?

ஆனால் அந்த வழக்கம் பெண்களுக்குக் கொடுத்த ஒன்றையும் சொல்லவேண்டும். எங்கட பெண்கள் கலியாணம் முடித்து அந்நிய வீட்டுக்குப் போவதில்லை. சொந்த முற்றம், சொந்தக் கிணறு, சுற்றிவர உம்மா, ராத்தா, சாச்சி. புருஷன் சத்தம் போட்டால் வேலிக்கு அங்காலிருந்து மூன்று பேர் எட்டிப் பார்ப்பார்கள். பிள்ளை அழுதால் தூக்க ஆறு கை. வீடு அவள் பெயரில், அதனால் "வெளிய போ" என்று சொல்லும் உரிமையும் அவள் பக்கம். நாங்கள் கிட்டங்கியைத் தாண்டியபோது அந்த வளையத்தை விட்டு வெளியே வந்தோம். எங்களில் ஒராள் இரவு கடையில் தங்கவேண்டி வந்தால், மற்றாள் இரண்டு பிள்ளைகளோடு 32 பேர்ச்சுக்குள் தனியே. இந்தத் தனிமை இரண்டு பேருக்கும் ஒரே அளவில்லை. அதைச் சமன் செய்ய எங்களுக்குத் தெரிந்த வழி இரண்டு. ஒன்று, உறுதியில் இரண்டு பெயர். மற்றது, ஆறு கை செய்த வேலையை இப்போது இரண்டு பேரும் பங்குபோட்டுச் செய்வது. அரிசி களைவதும் பிள்ளையைக் கழுவுவதும் "மாப்பிள்ளை" செய்கிற வேலையா என்று ஊருக்குள் கேட்க ஆள் இருக்கும். இங்கே கேட்க ஆளில்லை. தனிமையில் ஒரு நன்மையும் உண்டு.

வாப்பா மாதத்தில் இரண்டு தரம் வருவார். தன் வயலைப் பார்த்துவிட்டு வருகிற வழி. வெற்றிலையைப் போட்டுக்கொண்டு முற்றத்தில் இருந்து, "நல்ல இடம்தான். பொம்பளப் புள்ளகள் ரெண்டு பேர். நாளைக்கி இஞ்ச ஆரு மாப்புள வருவான்?" என்பார். மூத்தம்மா அதைவிட நேராகக் கேட்டார்: "மௌத்தானா எங்க புள்ள அடக்குவாங்க? ஆத்துக்கு அங்காலயா?" நாங்கள் இந்த ஊர்ப் பள்ளிவாசலில் பெயர் பதிந்து சந்தா கட்டுகிறோம். அடக்குவதென்றால் இங்கேதான் என்று சொன்னோம். மூத்தம்மா கொஞ்சநேரம் யோசித்துவிட்டு, "மழைக்காலத்தில மௌத்தாகிடாதீங்க, எங்களுக்கு வர ஏலாது" என்றார்.

வாப்பாவின் கேள்விக்கு எங்களிடம் இருக்கிற பதில் இதுதான். மூத்தவளுக்கு வயது 8, இளையவளுக்கு 5. இந்த 32 பேர்ச்சைப் பிரித்து இரண்டு வீடு கட்டி, இரண்டு மாப்பிள்ளை தேடுவதென்றால் இருபது வருசத்தில் இதுவும் அந்த 14 பேர்ச் வளவாகிவிடும், நாங்களும் பின்பக்கத்துப் பத்திக்குள் போய்விடுவோம். அதற்காக இந்த வீட்டை வாங்கவில்லை. அவர்கள் படிக்கட்டும், உழைக்கட்டும், கூட வாழ வருகிறவரோடு சேர்ந்து தங்களுக்கு ஏலுமான இடத்தில் தங்கட வீட்டைத் தேடட்டும். எங்களுக்குப் பிறகு இது இரண்டு பேருக்கும் வாரிசுரிமையாகப் போகும், சீதனமாகப் போகாது. உறவுக்காரர்களிடம் இப்போதே சொல்லி வைத்திருக்கிறோம். சிலர் சிரித்தார்கள். சிலர் தனியாக ஃபோன் எடுத்து, "அங்கால இன்னும் காணி இரிக்கா?" என்று கேட்டார்கள்.

இருக்கிறது. வருவதென்றால் ஐப்பசி கழித்து, மழை நாளில் வந்து பாருங்கள். உறுதியைப் பாருங்கள், சுவரில் கறையைப் பாருங்கள், தாம்போதியில் தண்ணி எதுவரைக்கும் நிற்குது என்று பாருங்கள். அதையெல்லாம் பார்த்த பிறகும் பிடித்திருந்தால், பக்கத்து வளவு விலைக்கு வருகிறது என்று கேள்வி.